வீடு நிறைய ஆள், பாதியில நிக்கிற மூணு குவில்ட்: இந்த லீவுல எதைத் தொடுறது?

காலிஞ்ச் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம்.

வருஷக் கடைசி லீவு வந்தா நாள் பூரா மெஷின் முன்னாடியே உட்கார்ந்திருக்கலாம்னு வருஷம் முழுக்க மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டிருப்பேன். லீவு வந்ததும் முதல்ல பறிபோறது தையல் மேசைதான். எங்க வீட்டுல அதுவேதான் சாப்பாட்டு மேசையும். இப்போ வீடு நிறைய ஆள். மெஷின் உறை போட்டுக்கிட்டு படுக்கையறை மூலையில இருக்கு, வெட்டுற மேட் கட்டிலுக்கு அடியில, குண்டூசி டப்பா சின்னப் பசங்களுக்கு எட்டாத அலமாரி உச்சியில. எல்லாரும் வந்திருக்காங்கங்கிற சந்தோஷத்துல ஒரு குறையும் இல்ல. கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது.

பாதியில நிக்கிற குவில்ட் (துண்டுத்துணி ஒட்டுப்போட்ட போர்வை) வேலை மூணு.

ஒண்ணு லாக் கேபின், நடுச் சதுரத்தைச் சுத்திப் பட்டை பட்டையா தைக்கிற டிசைன். 12 இஞ்ச் ப்ளாக் (ஒட்டுப்போட்ட சதுரம்) மொத்தம் 30, அகலத்துக்கு அஞ்சு, நீளத்துக்கு ஆறு. எல்லா ப்ளாக்குக்கும் நடுவுல சிவப்புச் சதுரம், ஒரு பாதி வெளிர் துணி, மறுபாதி அடர் துணி. சாய்ஞ்ச பட்டைகளா ஓடுற மாதிரி அடுக்கி, எல்லாத்தையும் சேர்த்துத் தைச்சாச்சு. இனிமே பார்டர் வைக்கணும். அதுக்கப்புறம் பேட்டிங் (நடுவுல வைக்கிற மெத்து விரிப்பு), அடித்துணி சேர்த்து நூலோட்டம், மூணையும் பிடிச்சுத் தைக்கிற குவில்ட்டிங், ஓரத்தை மூடுற பைண்டிங்னு பெரிய வேலை எல்லாமே மிச்சம்.

ரெண்டாவது தம்பி குழந்தைக்கு. ஜனவரியில பிறக்கப் போகுது. 36க்கு 42 இஞ்ச். குவில்ட்டிங் முடிஞ்சு ஓரமும் சீவி வச்சாச்சு, பைண்டிங் மட்டும் பாக்கி.

மூணாவதை வேலைன்னு சொல்றதா குவியல்னு சொல்றதான்னே தெரியல. ஹாஃப் ஸ்கொயர் ட்ரையாங்கிள், அதாவது ரெண்டு முக்கோணம் சேர்ந்த சதுரம். 4 இஞ்ச் சதுரங்களை ஜோடி போட்டு, மூலைக்கு மூலை கோடு இழுத்து, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைச்சு, கோட்டு மேல வெட்டினது ஒரு டப்பா நிறைய கிடக்கு. ஒவ்வொண்ணையும் மூணரை இஞ்சுக்குச் சீவணும். என்ன டிசைன்னு தீர்மானிக்காம ஆரம்பிச்சது. மிச்சத்துணியைத் தூக்கிப் போட மனசு வரல, அவ்வளவுதான்.

போன வருஷம் வரைக்கும் லீவுக்குள்ள முடிச்சுக் கையில கொடுத்துடணும்னு தேதி வச்சுத்தான் தைப்பேன். கடைசித் தையலைப் போட்ட கையோட மடிச்சுக் கொடுத்துடுவேன், நிதானமா விரிச்சுப் பார்த்தது கூட இல்ல. இந்த வருஷம் யாருக்கும் தேதி சொல்லல. அதனாலயோ என்னவோ, லாக் கேபினை விரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொரு துண்டா பார்த்துக்கிட்டிருக்கேன். அதுல அடர் பக்கத்துல அப்பாவோட பழைய நீலச் சட்டை ஒண்ணு இருக்கு. காலர் மடிப்புக்கு அடியில இருந்த துண்டு வெளுக்கவே இல்ல, வாங்கினப்போ இருந்த நீலம். அதுக்குப் பக்கத்துப் பட்டை அதே சட்டையோட முதுகு, வெயில் குடிச்சு சாம்பல் கலந்த நீலமா ஆயிருக்கு. தைக்கிறப்போ ரெண்டும் வேற வேற துணின்னு நினைச்சுத்தான் பக்கத்துல வச்சேன் போல.

சரி, கேள்விக்கு வரேன். ஆள் நடமாட்டம் இருக்கிற வீட்டுல, விட்டு விட்டுக் கிடைக்கிற நேரத்துல, இந்த மூணுல எதை எடுக்கிறது?

இன்னொண்ணு, பார்டர். லாக் கேபினோட நீளத்தை அளந்தா நடுவுல 72¼ வருது. இடது ஓரத்துல 73, வலது ஓரத்துல 72¾. கணக்குப்படி 72½ வரணும் (ஆறு ப்ளாக்குக்கு 72, ரெண்டு ஓரத்துத் தையலுக்கு அரை). பக்கவாட்டு பார்டரை எந்த அளவுக்கு வெட்டணும்? அந்தந்த ஓரத்தோட அளவுக்கே வெட்டினா தைக்கச் சுலபம்னு தோணுது. ஆனா துணியில கை வைக்கிறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு.

---

நூலோட்டம் எழுதியது:

பார்டரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓரத்தின் அளவுக்கு வெட்டாதீர்கள். ஓரம்தான் எப்போதும் பொய் சொல்லும். 30 ப்ளாக்கையும் தைத்து, திருப்பி, அயர்ன் செய்து, தூக்கி, மடித்து, விரித்து என்று அத்தனை கையாளலும் ஓரத்தில்தான் விழுகிறது. நடுப்பகுதியைச் சுற்றியுள்ள தையல்கள் பிடித்து வைத்திருக்கின்றன. ஓரத்தைப் பிடிக்க எதுவும் இல்லை, அதனால் இழுபடுகிறது. அந்த இழுபட்ட அளவுக்கே பார்டரும் வைத்தால் கடைசியில் பார்டர் தரையில் படியாமல் அலை அலையாக நிற்கும். குவில்ட்டிங்கில் அதை அடக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் அடங்கும், மீதி மடிப்பு விழும்.

நான் செய்வது இதுதான். நடுவில் ஒரு அளவு, நடுவுக்கும் இரண்டு ஓரங்களுக்கும் இடையில் ஒவ்வொரு அளவு, ஆக மூன்று. ஓரத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மூன்றின் சராசரி எதுவோ அந்த நீளத்துக்கு இரண்டு பக்கத்துக்கும் பார்டர் வெட்டுவேன். இரண்டும் ஒரே நீளம் என்பது முக்கியம். உங்களுக்கு அநேகமாக 72¼-ஐ ஒட்டித்தான் வரும். பக்கவாட்டு பார்டர்களைத் தைத்து முடித்த பிறகு, அவற்றையும் சேர்த்து அகலத்தை மறுபடி அளந்து மேல், கீழ் பார்டரை வெட்டுங்கள். முன்கூட்டியே நான்கையும் வெட்டி வைக்க வேண்டாம். துணி போதுமான அளவு இருந்தால் கரையை ஒட்டி நீளவாக்கில் வெட்டுங்கள், அந்தத் திசையில் இழுவை குறைவு. துணியின் அகலத்தில் வெட்டினால் இழுபடும், நடுவில் ஒட்டுப் போடவும் வேண்டியிருக்கும்.

இனி உங்கள் முதல் கேள்வி. எதை முடிப்பது என்று கேட்பதைவிட, கிடைக்கிற நேரம் எந்த மாதிரி நேரம் என்று பாருங்கள். குவில்ட் வேலையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வகை நேரம் வேண்டும். வெட்டுவதற்கு ஆள் இல்லாத மேசையும் தெளிந்த தலையும் வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ரோட்டரி கட்டரை (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) ஓட்டக் கூடாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைத் திறக்கவே கூடாது. துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதை எந்த இடத்திலும் நிறுத்தலாம், யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாண்ட்விச் போடுவதற்கு, அதாவது அடித்துணி, பேட்டிங், மேல்துணி மூன்றையும் அடுக்கிப் பிடிப்பதற்கு, தரை வேண்டும், ஆரம்பித்தால் முடித்தாக வேண்டும். பைண்டிங்கைப் பின்பக்கம் மடித்துக் கையால் தைப்பது மட்டும்தான் கூடத்தில் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, கதை கேட்டுக்கொண்டே செய்ய முடிகிற வேலை.

அப்படிப் பார்த்தால் உங்களுக்கு விடை இருக்கிறது. குழந்தையின் குவில்ட்டை எடுங்கள். முதலில் பைண்டிங்கை முன்பக்கம் மெஷினில் சுற்றித் தைக்க வேண்டும், அதற்கு எல்லோரும் வெளியே போயிருக்கும் ஒரு பொழுது போதும். மீதி முழுக்க மடியில்.

லாக் கேபினை இந்த லீவில் முடிக்க நினைக்காதீர்கள். ஆனால் தரை கிடைக்கவில்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. இரண்டு நீளமான மரப்பட்டைகள் இருந்தால் மேசையிலேயே நூலோட்டம் போட்டுவிடலாம். மேல்துணியை ஒரு பட்டையில் சுருட்டுங்கள், அடித்துணியை இன்னொன்றில். மேசை மேல் அடித்துணியைக் கொஞ்சம் அவிழ்த்து விரித்து, பேட்டிங்கைப் போட்டு, அதன் மேல் மேல்துணியை அதே அளவு அவிழ்த்து, கையால் நீவி, பெரிய பெரிய தையலாக நூலோட்டம் போடுங்கள். அந்தப் பகுதி முடிந்ததும் உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு அடுத்த பகுதியை அவிழ்க்க வேண்டியதுதான். முட்டி போட்டுத் தரையில் தவழ முடியாதவர்களுக்கு இதுதான் வழி, நானும் அந்தக் கூட்டம்தான். அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் மூன்று, நான்கு இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும், பேட்டிங்கும் அப்படியே. குவில்ட்டிங்கில் அடி நகரும்.

---

பழைய கத்தரி எழுதியது:

மேலே சொன்னவங்க பார்டரை எவ்வளவுக்கு வெட்டணும்னு சொல்லிட்டாங்க. 73 இஞ்ச் ஓரத்தை 72¼ இஞ்ச் பட்டையில எப்படி உட்கார வைக்கிறதுன்னு சொல்லல. அது தையல்காரன் வேலை, நான் சொல்றேன்.

வித்தியாசம் முக்கால் இஞ்ச். கேக்கப் பெருசா தெரியும். பார்டரைப் பாதியா மடிச்சு, அதைப் பாதியா, அதையும் பாதியா மடிச்சு அடையாளம் வச்சா எட்டு பாகம். மேல்துணி ஓரத்தையும் அதே மாதிரி எட்டா மடிச்சு அடையாளம் வைங்க. அடையாளத்துக்கு அடையாளம் குண்டூசி போடுங்க. இப்போ ஒரு பாகத்துக்கு வர்ற அதிகத்துணி ஒரு நூலுக்கும் கம்மி. எட்டு நூல் ஒரு இஞ்ச். ஒன்பது இஞ்ச் நீளத்துல ஒரு நூல் துணியைச் சுருக்கம் தெரியாம ஏத்துறது ஒரு வேலையே இல்லம்மா. சட்டைக்குக் கை ஏத்துறப்போ அக்குள் வெட்டைவிடக் கைத்துணி கூடுதலாத்தான் இருக்கும், அதை ஏத்திக்கிட்டுத்தானே சட்டை தைக்கிறோம்.

தைக்கிறப்போ அதிகமா இருக்கிற துணி அடியில போகணும். மெஷின் பல்லு அடித்துணியைத்தான் இழுத்து உள்ள தள்ளும், மேலே ஃபுட் அழுத்துறதால மேல்துணி கொஞ்சம் பின்தங்கும். அதனால அடியில போற நீளத்துணி தானா அடங்கும். லாக் கேபின் கீழே, பார்டர் மேலே. மாத்திப் போட்டா முக்கால் இஞ்சும் கடைசி மூலையில வந்து பொட்டலமா நிக்கும். இதுக்கு வாக்கிங் ஃபுட் போடாதீங்க. அது ரெண்டு துணியையும் சமமா இழுக்கிறதுக்குன்னு இருக்கிற ஃபுட், இங்க நமக்குச் சமமா வேண்டாம். சாதா ஃபுட்டே போதும்.

ஒரு தொல்லை இருக்கு. லாக் கேபின் அடியில போறதால அதோட தையல் மடிப்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, பல்லுல மாட்டி எதிர்ப்பக்கம் மடங்கிக்கும். அதனால பார்டர் வைக்கிறதுக்கு முன்னாடி ஓரத்துலேர்ந்து ஒரு நூல் உள்ள தள்ளி சுத்தி ஒரு ஓட்டுத் தையல் போட்டுடுங்க. மடிப்பும் நிக்கும், ஓரமும் மேற்கொண்டு இழுபடாது. இது கால் இஞ்ச் தையலுக்குள்ள மறைஞ்சிடும், பிரிக்க வேண்டியதில்ல.

அயர்ன் பண்றப்போ முன்னும் பின்னும் தேய்க்காதீங்க. வைங்க, அமுக்குங்க, தூக்குங்க. குவில்ட் தைக்கிறவங்க ஓரம் இழுபடுறதுல பாதி அயர்ன் பெட்டியாலதான்.

ரோட்டரி கட்டரைப் பத்தி ஒரு வார்த்தை. பசங்க இருக்கிற வீட்டுல அதைத் திறக்கக் கூடாதுங்கிறதை நானும் வழிமொழியறேன். ஆனா அதனால வெட்டுற வேலையே நிக்கணும்னு இல்ல. ஓல்ஃபா கம்பெனி ரோட்டரி கட்டரைக் கொண்டு வந்தது 1979ல. அதுக்கு முன்னாடி தைச்ச குவில்ட் பெரும்பாலும் அட்டையை வச்சுக் கோடு போட்டுக் கத்தரியால வெட்டினதுதான். முக்கோணக் குவியலை மூணரை இஞ்ச் அட்டை வச்சு, தையல் கோடு அட்டையோட மூலைக்கு மூலை வர்ற மாதிரி பார்த்து, பென்சிலால கோடு இழுத்து, கத்தரியால சீவலாம். நேரம் ஆகும்தான், ஆனா சோஃபாவுல உட்கார்ந்தே செய்யலாம். கத்தரியை மட்டும் கீழே வைக்காதீங்க, அதுவும் பசங்க கைக்குப் போகும். பேப்பர் வெட்டிட்டுக் கொண்டாந்து கொடுப்பாங்க, அது வேற வயித்தெரிச்சல்.

---

மிச்சத்துணி எழுதியது:

அக்கா, உங்க முக்கோண டப்பாவைப் பத்தி யாரும் ஒழுங்கா பேசல, அதனால வந்தேன்.

மூணரைக்குச் சீவினா தைச்சப்புறம் 3 இஞ்ச் வரும் இல்லையா? என்கிட்ட மெஷினுக்குப் பக்கத்துல எப்பவும் 2 இஞ்ச் சதுரங்கள் ஒரு டப்பா இருக்கும். எது தைச்சாலும் நூலை அறுத்து வெளிய எடுக்கிறதுக்குப் பதிலா ரெண்டு சதுரத்தைச் சேர்த்து ஓட்டிடுவேன். வரிசையோட ஆரம்பத்துல துணி பல்லுக்குள்ள சிக்காது, நூலும் வீணாகாது, நான் பாட்டுக்கு வேற எதையோ தைச்சுக்கிட்டிருக்கும்போதே ஃபோர் பேட்ச் சேர்ந்துக்கிட்டே போகும். 2 இஞ்ச் சதுரம் நாலு சேர்ந்தா தைச்ச அளவு அதே 3 இஞ்ச்.

அஞ்சு ஃபோர் பேட்ச், நாலு ஹாஃப் ஸ்கொயர், மூணுக்கு மூணா அடுக்கினா ஜேக்கப்ஸ் லேடர். 9 இஞ்ச் ப்ளாக். நாலு மூலையிலயும் நடுவுலயும் ஃபோர் பேட்ச், மிச்ச நாலு கட்டத்துல முக்கோணம். ஃபோர் பேட்ச்சோட அடர் சதுரங்கள் ஒரே திசையில சாயணும், அப்போதான் படி ஏறுற மாதிரி கோடு ப்ளாக் விட்டு ப்ளாக் தாண்டிப் போகும். உங்க கையில இருக்கிறது அந்த டிசைனோட பாதி அக்கா. டிசைன் இல்லாம ஆரம்பிச்சேன்னு சொல்றீங்க, டிசைன் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருக்கு.

மிச்சத்துணின்னா கலர் சேருமான்னு கவலைப்படாதீங்க. வெளிர், அடர்னு ரெண்டா மட்டும் பிரிங்க. போன் கேமராவுல கறுப்பு வெள்ளையா ஒரு படம் எடுத்துப் பார்த்தா எது எந்தப் பக்கம்னு உடனே தெரிஞ்சுடும். சிவப்பு மட்டும் நம்மளை ஏமாத்தும், கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கும், கறுப்பு வெள்ளையில அடர் பக்கம் போயிடும்.

பிரிக்கிற வேலையைப் பசங்ககிட்ட கொடுத்துடலாம். ரெண்டு டப்பா வச்சு இது இதுல, அது அதுலன்னா சண்டை போட்டுக்கிட்டே செஞ்சு முடிப்பாங்க.

---

காலிஞ்ச் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எழுந்து போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன் மிச்சத்துணி, நீங்க சொன்ன அதே அடுக்கு! படுக்கை மேல முக்கோணங்களை வச்சு, ஃபோர் பேட்ச் வர்ற இடத்துல வெறும் துண்டுத்துணியைச் சதுரமா மடிச்சு வச்சுப் பார்த்தேன். படி ஓடுது. டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் வர்ற குற்ற உணர்ச்சி போயிடுச்சு. லீவுல அதைத் தொட மாட்டேன், ஆனா இனிமே அது என்னன்னு எனக்குத் தெரியும்.

பழைய கத்தரி ஐயா, நீங்க சொன்ன மாதிரி சுத்தி ஓட்டுத் தையல் போட்டு, எட்டா மடிச்சு, லாக் கேபினைக் கீழே வச்சு இடது பக்கம் பார்டர் வச்சுட்டேன். எல்லாரும் மத்தியானம் தூங்கிக்கிட்டிருந்தப்போ கதவைச் சாத்திக்கிட்டுத் தைச்சது. தைக்கிறப்போ அடையாளத்துக்கு அடையாளம் துணி லேசா குமிழ் விட்டு நிக்குது, ஃபுட் அதைத் தாண்டிப் போனதும் காணாமப் போகுது. நிறுத்தி நிறுத்தி அடியில கையை விட்டுப் பார்த்தேன், ஒரு மடிப்பு இல்ல. அமுக்கி எடுத்ததும் தரையோட தரையா படிஞ்சுடுச்சு. சராசரி எடுத்ததுல நூலோட்டம் அக்கா சொன்ன மாதிரியே 72¼-தான் வந்துச்சு.

குழந்தையோடதைக் கையில எடுத்துட்டேன். பைண்டிங் முன்பக்கம் இன்னும் மெஷின்ல போடல. ஒரு சந்தேகம். தினம் துவைக்கப்போற போர்வை. கைத்தையல் தாங்குமா? கூடத்துல உட்கார்ந்து தைக்கிற ஆசைக்காக நான் கையால பண்ணிட்டு, அது ஆறே மாசத்துல பிரிஞ்சு வந்தா?

இன்னொண்ணும் மனசுல ஓடுது. என் பழைய குவில்ட் ஒண்ணு கொடுத்த வீட்டுல அலமாரியிலேயே இருக்குன்னு இந்த லீவுலதான் தெரிஞ்சுது. "அழுக்காகிடுமேன்னு எடுக்கவே இல்ல" அப்படின்னு பெருமையாத்தான் சொன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அழுக்காகட்டும்னுதானே தைச்சது.

---

அரைத்தூக்கம் எழுதியது:

ரெண்டு குழந்தைகளுக்குத் தைச்சவ சொல்றேன். கைத்தையல் தாங்கும், நெருக்கமா போட்டா. ஒரு இஞ்சுக்குள்ள ஏழெட்டுத் தையலாவது வரணும், மூலை மடிப்பை முன்னாலயும் பின்னாலயும் தைச்சு மூடணும், இல்லன்னா குட்டி விரல் அங்கதான் நுழையும். எனக்கு அந்தப் பொறுமை இல்ல, நான் மெஷின்லயே பின்பக்கம் தைச்சு முன்பக்கம் மடிச்சு ஓரத்துல ஒரு தையல் ஓட்டிடுவேன். அழகு கொஞ்சம் கம்மி, உறுதி ஜாஸ்தி.

ஒண்ணு மறக்காதீங்க. முதல் ஒரு வயசு வரைக்கும் குழந்தை தூங்குற இடத்துல போர்வை, தலையணை எதுவும் தளர்வா வைக்கக் கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. உங்க குவில்ட் போர்த்துறதுக்கு வேண்டாம், முழிச்சிருக்கும்போது தரையில விரிச்சுக் குப்புறப் போட்டு விளையாட வைக்கிறதுக்குக் கொடுங்க. அதைச் சொல்லியே கொடுங்க. அப்படிச் சொல்லிக் கொடுத்தா உங்க அலமாரிப் பிரச்சினையும் தீர்ந்துடும். தரையில போடுற பொருள்னு ஆனப்புறம் யாரும் பூட்டி வைக்க மாட்டாங்க. நான் துவைக்கிற முறையையும் ஒரு சீட்டுல எழுதிச் சேர்த்துக் கொடுப்பேன்: மெஷின்ல குளிர் தண்ணி, முதல் தடவை தனியா. எழுதியிருந்தா துவைக்கலாம் போலன்னு தைரியம் வருது அவங்களுக்கு.

ஊக்கு வச்சு சாண்ட்விச் போட்டிருந்தீங்கன்னா எல்லாத்தையும் எடுத்தாச்சான்னு கையால தடவிப் பார்த்துடுங்க.

---

நூலோட்டம் எழுதியது:

அலமாரி விஷயத்தில் எனக்குக் கருத்து வேறு. கொடுத்த பிறகு அது அவர்களுடையது. பூட்டி வைப்பதும் ஒரு வகைப் பிரியம்தான், நமக்கு ஒப்பாத பிரியம். நான் தைத்தவற்றில் ஒன்று நாய்க்குப் படுக்கையாகப் போயிற்று. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. நாய் நன்றாகத் தூங்கியது.

கைத்தையலுக்கு இரட்டை நூல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். ஒற்றைக் காட்டன் நூல், முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீர்கள். தையல் அடித்துணியையும் பேட்டிங்கையும் மட்டும் பிடிக்கட்டும், முன்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. துவைக்கத் துவைக்க முதலில் தேய்வது பைண்டிங்கின் மடிப்பு விளிம்பு, தையல் அல்ல. அது தேய்ந்தால் பைண்டிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் அளவுக்குச் சுற்றளவு 156 இஞ்ச். மூலைக்கும் ஒட்டுக்கும் பத்து இஞ்ச் சேர்த்தால் 166. துணியின் அகலத்தில் வெட்டினால் கரை போக ஒரு பட்டைக்கு 40 இஞ்ச் வரும், ஐந்து பட்டை வேண்டும். பட்டைகளைச் சாய்வாக ஒட்டுங்கள், நேராக ஒட்டினால் அந்த இடம் கட்டி தட்டும்.

---

காலிஞ்ச் எழுதியது:

நாய்க் கதையைக் கூடத்துல சத்தமா படிச்சுக் காட்டினேன், எல்லாரும் சிரிச்சாங்க. அலமாரியில வச்சிருக்கவங்களும் இங்கதான் இருக்காங்க, அவங்களும் சேர்ந்து சிரிச்சாங்க. ஏன்னு நான் சொல்லல.

கையாலயே தைக்கிறதுன்னு முடிவு. சீட்டு எழுதி வைக்கிற யோசனையையும் எடுத்துக்கிட்டேன். கடைசியா ஒண்ணு: பட்டை அகலம் 2½-ஆ 2¼-ஆ? எல்லா இடத்துலயும் ரெண்டையும் சொல்றாங்க. மெல்லிசான காட்டன் பேட்டிங்தான் போட்டிருக்கேன்.

---

பழைய கத்தரி எழுதியது:

மெல்லிசு காட்டன்னா 2¼ சரியா இருக்கும். 2½ போட்டா பின்பக்கம் தளதளன்னு வரும், உள்ள வெத்தா இருக்கிற பைண்டிங் சீக்கிரம் நைஞ்சு போகும். உப்பலான பாலியஸ்டர் பேட்டிங்கா இருந்தா 2½ சொல்லியிருப்பேன்.

என் வார்த்தையை நம்பி அஞ்சு பட்டையையும் வெட்டிடாதீங்க. ஓரம் சீவினப்போ விழுந்த குவில்ட் துண்டு இருந்தா எடுத்து, அதுல ஒரு சாண் நீளத்துக்கு 2¼ பட்டையை ரெண்டா மடிச்சு வச்சு கால் இஞ்ச்ல தைச்சுப் பின்னாடி மடிச்சுப் பாருங்க. மடிப்பு உங்க மெஷின் தையலை மூடிட்டு இன்னும் ஒரு நூல் தாண்டி உட்கார்ந்தா அதுதான் அளவு. மூலையில திருப்புறதுக்கு ஓரத்துக்குக் கால் இஞ்ச் முன்னாடியே தையலை நிறுத்தணும், அந்தத் துண்டுலயே ஒரு மூலையும் தைச்சுப் பார்த்துடுங்க.